சங்கு குளிக்கும் தீவுக்கு ஒரு மறைமொழி வேண்டும்

ஊமற்கரி (நல்லூர்) கேட்கிறார்:

வணக்கம். மூன்று ஆண்டுகளாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1658இல். அதற்குப் பிறகு இரண்டு தலைமுறை கழிந்த காலம் என் கதையின் காலம். இடம், புங்குடுதீவுக்கும் நெடுந்தீவுக்கும் நடுவே நானே கடலில் எழுப்பிய ஒரு தீவு. ஊமற்றீவு என்று பெயர் வைத்திருக்கிறேன். நாற்பது வீடுகள், ஒரு பனங்கூடல், ஒரே ஒரு நன்னீர்க் கிணறு.

அங்கே ஆண்கள் சங்கு குளிக்கிறார்கள். சங்குக் குத்தகையை எடுத்தவனின் ஆட்கள் கரையில் நின்று, வள்ளத்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு சங்கையும் எண்ணி எடுத்துக்கொள்கிறார்கள். கிடைப்பதெல்லாம் இடம்புரி. என்றோ ஒருநாள், ஒரு மனிதனின் வாழ்நாளில் ஒரு தடவை, வலம்புரி கையில் தட்டுப்படலாம். அதை அவர்கள் கண்ணில் படாமல் வீடு சேர்க்க வேண்டும். அதற்காகவே தீவுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள் ஒரு மறைமொழி பேசுகிறார்கள். கதையின் உயிரே அதுதான். என்னால் செய்ய முடியாமல் இருப்பதும் அதுதான்.

முதலில், பாடசாலை நாட்களில் நாங்கள் பஸ்ஸில் பேசிய ‘க’ மொழியை எடுத்தேன். ஒவ்வோர் எழுத்துக்கு முன்னும் ஒரு ‘க’ போடுவது. ‘நாளை வா’ என்பது ‘கநா களை கவா’ ஆகும். தரம் 7இல் படிக்கும் என் பெறாமகனிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனேன். வடித்து வருவதற்குள் முழுவதையும் வாசித்துவிட்டான். பிறகு சொற்களைத் தலைகீழாக்கினேன். ‘கடல்’ ‘ல்டக’ ஆயிற்று. எழுத முடிந்தது, வாயால் சொல்ல முடியவில்லை. மூன்றாவதாக, முழுக்க முழுக்கப் புதுச் சொற்களைப் படைத்தேன். ஒரு சீ.ஆர். கொப்பியில் 430 சொற்கள் இருக்கின்றன. இரண்டு மாத உழைப்பு. அம்மாவுக்கு ஓர் உரையாடலை வாசித்துக் காட்டினேன். அம்மா காரைநகரில் பிறந்தவர், கடற்கரையில் வளர்ந்தவர். கேட்டு முடித்துவிட்டு, “இது யாருடைய பேச்சு? இந்தக் கரையில் ஒருவரும் இப்படிப் பேசியிருக்க மாட்டார்கள்” என்றார். அன்று இரவு நான் தூங்கவில்லை.

எழுத்தை மாற்றுவதா, சொல்லை மாற்றுவதா, மொழியையே புதிதாய்ப் படைப்பதா? எத்தனை சொல் இருந்தால் போதும்? குத்தகைக்காரனுக்கு விளங்காத பேச்சு வாசகருக்கு மட்டும் எப்படி விளங்கும்? வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கரவெட்டி ஆசிரியர்:

பிள்ளை, உங்கள் அம்மா சொன்னதே சரியான தீர்ப்பு. அந்தக் கொப்பியை எறிய வேண்டாம், ஆனால் ஒரு பக்கமாக வையுங்கள். நீங்கள் தேடுவது தமிழ் இலக்கணத்தில் ஏற்கெனவே பெயர் பெற்று நிற்கிறது.

நேரான சொல்லை விட்டுத் தகுந்த வேறு சொல்லால் சொல்லும் தகுதி வழக்கை நன்னூல் மூன்றாகச் சொல்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி, ஒரு பொருளின் வழக்கமான பெயரை விட்டு வேறொரு பெயரால் அதைக் குறிப்பது குழூஉக்குறி. வகுப்பில் நாங்கள் காலங்காலமாகச் சொல்லிக்கொடுக்கும் எடுத்துக்காட்டுகள் உங்களுக்கு நினைவிருக்கும். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள். யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள். வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பார்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதைப் பரீட்சைக்காகக் கற்பித்திருக்கிறேன். உங்கள் கேள்வியை வாசித்த பிறகுதான் அந்தச் சொற்களை உற்றுப் பார்த்தேன். பறி என்பது மீன் பிடிக்கும் கூடை. காரை என்பது ஒரு முட்செடி. பொற்கொல்லன் கடையில் இருந்துகொண்டு ‘பறி’ என்றால் பக்கத்தில் நிற்பவன் மீனை நினைப்பான், பொன்னை நினைக்கமாட்டான். ‘ல்டக’ என்று சொன்னாலோ, கேட்பவன் உடனே காதைத் தீட்டிக்கொள்வான். எதையோ மறைக்கிறார்கள் என்ற செய்தியை அந்த ஓசையே கொண்டுபோய்க் கொடுத்துவிடும். உங்கள் தீவு மக்களின் மறைமொழி, மறைமொழி என்றே தெரியாமல் இருக்க வேண்டும்.

சொல்விளம்பி வேறு வகை. கள் உள்ளே போனால் சொல் வெளியே வரும் என்று பார்த்து வைத்த பெயர். அப்படியொரு சொல் உங்கள் நாவலில் ஒன்றிரண்டு இருந்தால் அழகு. அதற்கு மேல் வேண்டாம்.


கன்னாதிட்டியான்:

ஆசிரியர் ஐயாவின் பதிலைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா கன்னாதிட்டியில் நகை செய்தவர். நாற்பத்தொரு ஆண்டுகள் அதே பட்டறை. நான் அந்த வேலைக்குப் போகவில்லை. அண்ணா இன்றும் செய்கிறார். ஆனால் சிறுவயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் விளக்கு வைக்கும்வரை உமியோட்டுக்குப் பக்கத்தில்தான் இருப்பேன். ‘பறி’ என்ற சொல் எங்கள் வீட்டில் இருக்கவில்லை. அதன் உடன்பிறப்புகள் இருந்தன.

ஒன்றைச் சொல்கிறேன். ‘விருந்தாளி’ என்றால் எங்கள் பட்டறையில் செம்பு.

ஒரு பெண் தன் தாலிக்கொடியை அழித்துச் செய்யக் கொண்டுவருவார். கூடவே மாமியார் வருவார், மச்சாள் வருவார். பதினொரு பவுண் என்று சொல்லிக் கட்டிய கொடி. அப்பா உரைகல்லில் உரைத்துப் பார்ப்பார். மாற்றுக் குறைந்திருக்கும், சில வேளை மிக மோசமாகக் குறைந்திருக்கும். அதை அந்த இடத்தில், அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னால் அந்தப் பெண்ணின் வீட்டில் என்ன நடக்கும்? அப்பா தலையை நிமிர்த்தாமல் அண்ணாவிடம், “விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள், தேநீருக்குச் சொல்லு” என்பார். அண்ணா தராசைக் கையில் எடுக்கமாட்டார். அப்பா அந்தப் பெண்ணைப் பார்த்து, “இன்று வேலை மிகுதி அம்மா, நாளைக் காலையில் நீங்கள் மட்டும் ஒரு தடவை வந்துபோங்கள்” என்பார். மறுநாள் தனியாக இருத்தி, மெதுவாக உண்மையைச் சொல்வார்.

பதினைந்து வயதுவரை நான் அந்தச் சொற்களை வியாபாரத் தந்திரம் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் அப்படி வந்த ஒரு பெண் அப்பாவின் காலைத் தொட்டு அழுததைப் பார்த்த பிறகுதான் அந்த மொழி யாருக்காகப் பேசப்பட்டது என்று விளங்கியது. இதை உங்களுக்கு ஏன் சொல்கிறேன் என்றால், ஊமற்றீவு மக்களும் குத்தகைக்காரனை ஏய்ப்பதற்கு மட்டும் அந்த மொழியைப் பேசினால் அது வெறும் கருவியாக நின்றுவிடும். ஒருவர் மானத்தை இன்னொருவர் காப்பதற்கும் அதைப் பேசட்டும். பசி இருக்கும் வீடு எது, நோயை மறைக்கும் வீடு எது, இவற்றுக்கும் சொல் வையுங்கள்.

எத்தனை சொல் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பட்டறையில் நான் எண்ணிப் பார்த்தவரை இருபத்து மூன்று. அதற்கு மேல் தேவைப்படவில்லை. பொன், செம்பு, பொடி, எடை குறைவு, கடன் சொல்கிறவர், திருட்டு நகையோ என்ற ஐயம், இப்படித்தான் இருந்தன. கதிரைக்கும் கதவுக்கும் மறைசொல் எதற்கு? ஒரு தாளை எடுங்கள். யாருக்கு முன்னால், எந்த இடத்தில் நின்றுகொண்டு, எதைச் சொல்ல முடியாமல் இவர்கள் தவிக்கிறார்கள் என்று எழுதுங்கள். அந்தத் தாளில் வராத எதற்கும் சொல் படைக்காதீர்கள்.

இன்னொன்று, கதைக்கு உதவக்கூடும். மறைசொல் செத்துப்போகும். பக்கத்துப் பட்டறையில் வேலை பழகிய பையன் ஒருவன் ‘விருந்தாளி’யைப் பிடித்துக்கொண்டான். ஒரு கிழமைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அப்பா அன்றோடு அந்தச் சொல்லை விட்டார். புதிதாக வேறொன்று வந்தது. (அது இன்றும் வழக்கில் இருப்பதால் இங்கே எழுதமாட்டேன்.) ஆனால் அப்பப்பாவுக்கு நாக்கில் பழையதே ஊறியிருந்தது. அவர் பட்டறைக்கு வந்து உட்காரும் நாட்களில் அப்பாவுக்கு நெஞ்சு படபடக்கும். உங்கள் தீவில் குத்தகைக்காரனுக்குத் தெரிந்துபோன ஒரு சொல்லை மறக்க முடியாத ஒரு கிழவர் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சில சொற்கள் சாகாமல் வெளியே போய்விடுவதும் உண்டு. ஒட்டு வைக்கும் இடத்தில் பற்றாசுப் பொடியை வைத்துக் குழலால் ஊதுவது எங்கள் வேலை. ‘பொடி வைத்துப் பேசுகிறான்’ என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். பட்டறை எங்கே என்று அவர்களுக்குத் தெரியாது. ஊமற்றீவின் ஒரு சொல்லும் அப்படிக் கடல் தாண்டி யாழ்ப்பாணச் சந்தைக்கு வந்து சேரலாம்.

கணக்கு எழுத ஒரு வழியும் தருகிறேன். பத்து எழுத்தும் வேறு வேறாக வரும் ஒரு சொற்றொடரை வைத்துக்கொள்வது. எங்கள் வீட்டுத் தொடரைச் சொல்ல மாட்டேன். உங்கள் தீவுக்காக நேற்று ஒன்று யோசித்தேன்: ‘கடல் முத்தெடுப்போம்’. க ஒன்று, ட இரண்டு, ல் மூன்று, மு நான்கு, த் ஐந்து, தெ ஆறு, டு ஏழு, ப் எட்டு, போ ஒன்பது, ம் சுழி. அந்தக் காலத்து ஓலையில் மெய்க்குப் புள்ளி வைப்பது வழக்கமில்லை என்பார்கள். புள்ளி இல்லாமல் எழுதினாலும் இந்தப் பத்தும் ஒன்றோடொன்று மயங்காது. 27 சங்கு என்றால் ஓலையில் ‘டடு’.


திருநெல்வேலி மாணவி:

அக்கா, பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிக்கிறேன். மேலே அண்ணா சொன்னதற்கு வெளியுலகிலிருந்து ஒரு சான்று சொல்லலாம். பப்புவா நியூகினியின் மலைப்பகுதியில் ‘காலம்’ (Kalam) என்ற இனத்தார் இருக்கிறார்கள். தாழை இனத்து மரமொன்றின் கொட்டைகளைச் சேகரிக்கக் காட்டுக்குள் போகும்போது மட்டும் பேசுவதற்கு அவர்களிடம் தனிப் பேச்சு உண்டு. ஊர்ச்சொல்லைச் சொன்னால் கொட்டைகள் கெட்டுவிடும் என்பது நம்பிக்கை. அதன் ஒலிகளும் இலக்கணமும் அவர்களுடைய அன்றாட மொழியினவே. சொற்கள் மட்டும் வேறு. இலங்கையிலேயே சிங்கள விவசாயிகளுக்குச் சூடடிக்கும் களத்தில் தனிச்சொற்கள் இருந்தன. நம் பக்கத்துக் களங்களில் நெல்லைப் ‘பொலி’ என்பதும் அந்த மரபோடு ஒட்டியதுதான்.

12ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியத் துறவி ஹில்டகார்ட் ஒரு மொழியைப் படைத்தார். அதில் 1011 சொற்கள்; ஏறத்தாழ எல்லாமே பெயர்ச்சொற்கள். கடவுளில் தொடங்கிச் சிறு பூச்சிவரை பெயர் வைத்தார். வாக்கியத்தை இலத்தீனே தாங்கியது. ஆகவே தமிழ் வினையையும் வேற்றுமை உருபையும் அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்ற நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

தலைகீழாக்கியது வாயில் வராததற்குக் காரணம் உங்கள் நாக்கு அல்ல. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. நம் சொற்களில் பல இவற்றில் ஒன்றோடு முடிகின்றன. தலைகீழாக்கினால் அவை வாசற்படியிலேயே இடறும்.

வாசகருக்காக நாவலின் கடைசியில் சொற்பட்டியல் போடாதீர்கள், தயவுசெய்து. முதல் தடவை ஒரு சொல் வரும்போது அதன் விளைவாக ஒரு செயல் நடக்கட்டும். விருந்தாளி என்றதும் தராசை எடுக்காத கையைப் போல. இரண்டாம் தடவை வாசகர் ஊகிப்பார். மூன்றாம் தடவை அவரும் தீவுக்காரர்.


பாசையூர்க் கரை:

கடலில் போகிறவன் என்ற முறையில் ஒரு சொல். மறைசொற்களைக் கடலிலிருந்து எடுக்காதீர்கள் தங்கச்சி. குத்தகைக்காரனின் ஆட்கள் யார்? அவர்களும் ஏதோ ஒரு கரையில் பிறந்தவர்கள்தான். சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றின் பெயரைச் சொன்னாலும், வலை, நங்கூரம் என்று எதைச் சொன்னாலும் அவர்கள் காது அதைத் தொடரும். காற்று இல்லாத நாளில் ‘கச்சான் எழும்பிவிட்டது’ என்றால் மறுகணம் திரும்பிப் பார்ப்பார்கள். கடற்கரை ஆண்கள் காது கொடுக்காத பேச்சு ஒன்று இருக்கிறது. வளவுக்குள் பெண்கள் பேசும் பேச்சு. கிணற்றடி, அடுப்படி, பனையடி. அங்கே போய் எடுங்கள்.

கடலுக்குள் சொல்லே வேண்டாம். குளிக்கிறவன் இடுப்பில் கயிறு இருக்கிறது. மேலே வள்ளத்தில் கயிற்றைப் பிடித்திருப்பவன் பெரும்பாலும் மச்சான் அல்லது மாமன். ஓர் இழுப்புக்கும் இரண்டு இழுப்புக்கும் பொருள் வையுங்கள். காற்றுப் பெயர்ந்து அடிக்கும் நாட்களில் கடல் கலங்கிக் கிடக்கும். அப்போது அடி தெரியாது, குளிக்கமாட்டார்கள். கதையில் மாதத்தைக் கவனியுங்கள்.


ஊமற்கரி:

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாட்களாகப் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுதிக்கொண்டிருந்தேன். கொப்பியை மூடிவிட்டேன். கன்னாதிட்டி அண்ணா சொன்ன தாளை எடுத்து எழுதினேன். முப்பத்தோரு வரி வந்தது. 430 எங்கே, 31 எங்கே!

பாசையூர் அண்ணா பனையடி என்றதும் எனக்கு அழுகையே வந்தது. தீவுக்கு ஊமற்றீவு என்று பெயர் வைத்தவள் நான். அந்த ஊமலை, அந்தப் பனங்கொட்டையை, பிளந்து உள்ளே பார்க்கத் தோன்றவில்லை. சாதாரண இடம்புரிச் சங்கு ‘ஊமல்’. எண்ணுகிறவன் ‘கருக்கு’, பனைமட்டையின் விளிம்பு, பார்க்கப் பேசாமல் இருக்கும், கை வைத்தால் அறுக்கும். அவன் போய்விட்டான் என்றால் ‘காவோலை விழுந்துவிட்டது’, காய்ந்த பனையோலை. ஒல்லாந்தரின் கந்தோர் ‘பாத்தி’. வலம்புரி ‘பூரான்’. வைரமான ஊமலைப் பிளந்தால் உள்ளே வெள்ளையாக, இனிப்பாக இருக்கும் அந்தப் பூரானை விட எது பொருந்தும்?

ஆனால் பாசையூர் அண்ணா மாதத்தைக் கவனி என்றது இங்கேதான் என்னைப் பிடித்தது. ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். கொட்டையைப் பாத்தி போட்டால் மார்கழி, தையில்தான் கிழங்கு கிண்டுவோம். பூரான் அப்போதுதான். வைகாசியில் ஒருவன் கரையில் நின்று பூரான் வேண்டும் என்றால் கருக்குக்கு ஐயம் வராதா? ஆகவே வலம்புரிக்குப் பருவத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறேன். தையில் பூரான். வைகாசியில் நுங்கு. ஆவணியில் பழம். மாதம் தவறிச் சொல்கிறவர், கன்னாதிட்டி அண்ணா கேட்ட அந்தக் கிழவர்தான்.

பசிக்கும் ஒரு சொல் வைத்தேன். உலை வைக்காத வீட்டைப் பற்றி ‘அவர்கள் வீட்டில் ஒடியல் காய்கிறது’ என்பார்கள். ஒடியல் என்பது காயவைத்த பனங்கிழங்கு. கேட்டவர் இருட்டிய பிறகு ஒரு கடகத்தோடு போவார்.

ஒரு துண்டு மட்டும் பாருங்கள். தை மாதம். வேலன் வள்ளத்தைக் கரையில் ஏற்றுகிறான். கணக்கன் இரண்டு அடி தள்ளி நிற்கிறான். தாய் வருகிறாள்.

“கிழங்கு கிண்டியாயிற்றா அம்மா?”

“அரைவாசிதான். கருக்கு கையைக் கீறிவிட்டது.”

“ஆழமாகவா?”

“பக்கத்திலேயே நிற்கிறது, பார்த்து வா. காவோலை விழுந்தபிறகு மீதியைக் கிண்டலாம்.”

“எனக்குப் பூரான் வேண்டும்.”

தாய் கடகத்தை இடுப்பிலிருந்து தலைக்கு மாற்றினாள். மாற்றும்போது கை நடுங்கியது. “எத்தனை?” என்றாள்.

“ஒன்று போதும்.”

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பெறாமகனிடம் முன்கதை சொல்லாமல் கொடுத்தேன். தனக்கும் பூரான் வேண்டும் என்று கேட்டான்.

முப்பத்தோரு வரியில் முப்பதுக்குச் சொல் வைத்துவிட்டேன். ஒன்று மிஞ்சி நிற்கிறது. குளிக்கப் போனவன் மேலே வரவில்லை என்பதை எந்தச் சொல்லால் சொல்வார்கள்? இதற்குப் பனையிலிருந்து எதையும் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.


கரவெட்டி ஆசிரியர்:

இதற்கு மங்கலம் இருக்கிறது, பிள்ளை. செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பது மரபு. கடலில் துஞ்சினவர் என்று எழுதினாலும் தகும்.


கன்னாதிட்டியான்:

ஐயா மன்னிக்க வேண்டும், எனக்கு வேறாகத் தோன்றுகிறது. அந்த வரியை வெறுமையாக விடுங்கள் தங்கச்சி. அப்பா இறந்த அன்று அண்ணா பட்டறையிலிருந்து வீடுவரை ஓடிவந்தார். எங்கள் இருபத்து மூன்று சொல்லில் ஒன்றும் அவர் வாயில் வரவில்லை. தெரு முழுவதும் கேட்க “அப்பா போய்விட்டார்” என்றுதான் கத்தினார். கயிறு இரண்டு தடவை இழுபட்டு நின்றதும் வள்ளத்தில் இருக்கும் மச்சான் வேலனின் பெயரைச் சொல்லிக் கத்தட்டும். கரையில் கணக்கன் நிற்கட்டும். அவனுக்கும் விளங்கட்டும்.